விளம்பரமும் யூரியா மாதிரிதான்



நம் மாதக் கூட்டங்களில் முன்பெல்லாம் அமுதக்கரைசல், கதிர்நாவாய்ப்பூச்சி, விதைநெல் பரிமாற்றம் என்றுதான் பேச்சு ஓடும். இப்போது தேநீர் இடைவேளையில் நாலு பேர் கூடினால் பேச்சே வேறு. "கூகுள்ல தேடினா நாமதான் முதல்ல வரணும்", "ரீல்ஸ் போட்டாத்தான் அரிசி நகரும்", "ஒரு ஏஜென்சியைப் பிடிக்காம இனிமே காலம் தள்ள முடியாது". விளைவிப்பது பாதி வேலை, விற்பது மீதிப் பாதி என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். எனவே இந்தப் பேச்சு எழுந்ததில் தப்பே இல்லை. அது போகிற திசைதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் 34 வருடம் வங்கியில் வேலை பார்த்தவன். கடன் கேட்டு வருபவர்களின் கணக்கைப் புரட்டிப் புரட்டியே கண் பழகிப்போனது. ஓய்வு பெற்ற பிறகு ஆரணிப் பக்கம் நாலரை ஏக்கரில் நெல்லும் மணிலாவும் வைத்திருக்கிறேன். அரிசியையும் மரச்செக்கு எண்ணெயையும் நேரடியாகத்தான் விற்கிறேன். அந்தக் கணக்குக் கண்ணோடு பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூகுளில் நம் பெயர் இருக்க வேண்டும். அது பெயர்ப்பலகை, அதற்குக் காசு வேண்டாம். ஆனால் காசு கட்டிச் செய்கிற விளம்பரம் யூரியா மாதிரி. போட்டவுடன் பச்சை காட்டும். நிறுத்தினால் வெளுக்கும். அடுத்த முறை கொஞ்சம் கூடப் போடச் சொல்லும். யூரியாவை விட்டு வெளியே வந்த நாம், விற்பனையில் மட்டும் அதே பழக்கத்துக்குள் போய் விழக்கூடாது.

எத்தனை குடும்பம் வேண்டும்?

விளம்பரம் செய்வதற்கு முன் ஒரு கேள்வி. நம் விளைச்சலைச் சாப்பிட எத்தனை குடும்பம் வேண்டும்? இதைக் கணக்குப் போட்டவர்கள் நம்மில் குறைவு.

பாரம்பரிய நெல் ஏக்கருக்கு 75 கிலோ மூட்டையில் 15 மூட்டை என்று வையுங்கள். 2 ஏக்கருக்கு 30 மூட்டை, அதாவது 2,250 கிலோ நெல். அதிகம் தீட்டாமல் அரைத்தால் நூற்றுக்கு 60 அரிசி கிடைக்கும் என்றால் 1,350 கிலோ. நாலு பேர் உள்ள குடும்பம் மாதம் 10 கிலோ வாங்கினால் வருடத்துக்கு 120 கிலோ. 1,350-ஐ 120-ஆல் வகுத்தால் 11 குடும்பம். அவ்வளவுதான். வாரத்தில் சில நாள் மட்டும் நம் அரிசி, மற்ற நாள் கடை அரிசி என்று 5 கிலோ வாங்குகிறவர்களாக இருந்தாலும் 22 குடும்பம்.

2 ஏக்கர் வைத்திருப்பவருக்கு வேண்டியது மாறாத 22 குடும்பம். பத்தாயிரம் ஃபாலோயர் எதற்கு?

விளம்பர உத்தி சொல்லித் தருகிறவர்கள் பெரும்பாலும் செருப்பு, சட்டை, இணையவழிப் பாடம் விற்பவர்களை மனதில் வைத்துத்தான் பேசுகிறார்கள். சட்டைக்கு ஆர்டர் கூடினால் இன்னொரு ஷிஃப்ட் ஓட்டலாம். பாடத்தை ஒருமுறை படம் பிடித்துவிட்டால் நூறு பேருக்கும் விற்கலாம், லட்சம் பேருக்கும் விற்கலாம். நம் நிலம் அப்படி நீளாது. சம்பாப் பட்டம் வருடத்துக்கு ஒருமுறைதான்.

"வில்லேஜ் குக்கிங் சேனல் பாருங்க சார், புதுக்கோட்டை கிராமத்துல இருந்தே 1 கோடி பேரைச் சேர்த்துட்டாங்க" என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். 2021-லேயே 1 கோடி சந்தாதாரர்களைத் தொட்டார்கள், பாராட்ட வேண்டிய உழைப்பு. ஆனால் அவர்கள் தொழிலே படம் காட்டுவது. எவ்வளவு பேர் பார்க்கிறார்களோ அவ்வளவு வருமானம். நமக்கு எவ்வளவு பேர் அரிசி வாங்கிச் சமைத்து, தீர்ந்ததும் மறுபடி கூப்பிடுகிறார்களோ அதுதான் வருமானம்.

தேடி வருபவரும் வேடிக்கை பார்ப்பவரும்

கூகுளையும் முகநூலையும் 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்' என்று ஒரே கூடையில் போட்டுப் பேசுகிறோம். இரண்டும் வேறு.

கூகுளில் தேடுகிறவர் தேவையோடு வருகிறார். பஸ் நிலையத்தில் இறங்கி "இங்க செக்கு எண்ணெய் எங்க கிடைக்கும்?" என்று கேட்கிற ஆள் அவர். முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் இருப்பவர் திருவிழாவில் வேடிக்கை பார்க்க வந்தவர். நம் ஒலிபெருக்கி அவர் காதில் விழலாம். ஆனால் அவர் எண்ணெய் வாங்க வரவில்லை. முதல் ஆளுக்கு நம் முகவரி தெரிந்தால் போதும். இரண்டாவது ஆளை நிறுத்தி, சொல்லிப் புரியவைத்து, வாங்க வைக்க வேண்டும். செலவு கூடுவது இங்கேதான்.

கூகுளிலும் இரண்டு வகை உண்டு. தேடியதும் மேலே 'ஸ்பான்சர்ட்' என்ற குறிப்போடு வருவது காசு கட்டியவர்களின் விளம்பரம். அதற்குக் கீழே வருவது கூகுள் தானே பொறுக்கி வரிசைப்படுத்துவது. விளம்பர இடத்துக்கு ஒவ்வொரு தேடலின்போதும் ஓர் ஏலம் நடக்கிறது. யார் எவ்வளவு தரத் தயார் என்பதோடு, விளம்பரம் தேடலுக்கு எவ்வளவு பொருத்தம் என்பதையும் பார்த்து இடம் ஒதுக்குகிறார்கள். பொதுவாக யாராவது அதைத் தட்டினால்தான் காசு. கீழே உள்ள இயல்பான வரிசையில் இடம் பிடிக்கக் கூகுள் காசு வாங்குவதில்லை. முதலிடம் வாங்கித் தருவேன் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது என்று கூகுளே சொல்கிறது.

அப்புறம் எப்படி ஏஜென்சிக்காரர் "30 நாளில் முதலிடம்" என்று காட்டிவிடுகிறார்? உங்கள் பண்ணையின் பெயரையே தட்டிக் காட்டுவார். அந்தப் பெயரில் உலகத்திலேயே ஒரு பண்ணைதான் உண்டு, அது முதலில் வராமல் எங்கே போகும்? உங்களைத் தெரியாதவர் உங்கள் பெயரைத் தேட மாட்டார். 'மரச்செக்கு கடலை எண்ணெய் ஆரணி' என்றுதான் தேடுவார். அதற்கு வருகிறதா என்று பாருங்கள். அதையும் உங்கள் போனில் பார்க்காதீர்கள். நீங்கள் இருக்கும் இடம், முன்பு தேடியவை எல்லாம் கூகுளுக்குத் தெரியும் என்பதால் உங்கள் போனில் வருகிற வரிசை வேறாக இருக்கலாம். வேலூரிலோ சென்னையிலோ இருக்கிற சொந்தக்காரரைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

காசில்லாத பெயர்ப்பலகை

கூகுள் வரைபடத்தில் தொழிலைப் பதிவு செய்யும் வசதிக்கு இப்போது 'கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்' என்று பெயர். 2021 வரை 'கூகுள் மை பிசினஸ்' என்றிருந்தது. இது முழுக்க இலவசம். "கூகுள்ல இருந்து பேசறோம், உங்க லிஸ்டிங்கை நீட்டிக்கப் பணம் கட்டணும்" என்று அழைப்பு வந்தால் போனை வைத்துவிடுங்கள். பதிவுக்குக் கூகுள் பணம் கேட்பதே இல்லை.

வாடிக்கையாளர் நேரில் வந்து வாங்குகிற இடமோ, நீங்கள் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிற வழக்கமோ இருந்தால் பதிவு செய்யலாம். கடை இல்லாமல் வீட்டில் இருந்து கொடுப்பவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, கொண்டுபோய்க் கொடுக்கும் ஊர்களை மட்டும் காட்டலாம். இடத்தை வீடியோ எடுத்து அனுப்பி உறுதி செய்யச் சொல்வார்கள். பிள்ளைகள் யாராவது உடனிருந்தால் அரைநாள் வேலை.

பதியும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். நாம் சொல்லும் பெயரும் வாங்குபவர் தேடும் பெயரும் வேறாக இருக்கும். 'கருப்பு கவுனி' என்று தமிழில் தேடுவார் ஒருவர். அதையே ஆங்கில எழுத்தில் தட்டுவார் இன்னொருவர். 'பிளாக் ரைஸ்' என்று மூன்றாமவர். நம் பக்கத்தில் 'மணிலா எண்ணெய்' என்போம், சென்னைக்காரர் 'கடலை எண்ணெய்' என்பார். இத்தனையும் உங்கள் விவரத்தில் இயல்பாக இடம்பெற வேண்டும். படங்கள் உங்கள் வயலில், உங்கள் செக்கில் எடுத்தவையாக இருக்கட்டும். இணையத்தில் இறக்கிய பச்சை வயல் படம் வேண்டாம். இப்போது என்ன இருக்கிறது, என்ன தீர்ந்துவிட்டது என்பதை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். வாங்கியவர்களிடம் நாலு வரி விமர்சனம் எழுதச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் எழுதுவார்கள். காசு கொடுத்து விமர்சனம் வாங்காதீர்கள். குறை சொல்லி ஒருவர் எழுதியிருந்தால் சண்டைக்குப் போகாமல் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலைத்தான் புதிதாக வருபவர் முதலில் படிப்பார்.

இவ்வளவும் செய்தாலே, தேவையோடு தேடி வரும் ஆள் உங்களைக் கண்டுபிடித்துவிடுவார்.

354 ரூபாய் கணக்கு

இனி காசு கட்டும் விளம்பரத்துக்கு வருவோம். ஓர் உதாரணக் கணக்கு போடுகிறேன். எண்களை உங்கள் அனுபவத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

அரிசி கிலோ 100 ரூபாய். நெல் அடக்கம், அரவை, பை, ஆள்கூலி எல்லாம் போக 25 ரூபாய் நிற்கிறது. பார்சல் செலவு வாங்குபவருடையது. விளம்பரத்தை ஒருவர் தட்டினால் 6 ரூபாய் என்று வையுங்கள். 100 பேர் தட்டினால் 600. அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 708 ரூபாய். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத நம்மைப் போன்றவர்கள் அந்த வரியைத் திரும்பப் பெற முடியாது. தட்டிய 100 பேரில் 2 பேர் வாங்கினார்கள் என்றால், ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 354 ரூபாய்.

அவர் முதல் தடவை 5 கிலோ வாங்குகிறார். நமக்கு நிற்பது 125. நஷ்டம் 229 ரூபாய். இரண்டாம் தடவை வாங்கினால் நஷ்டம் 104 ஆகக் குறையும். மூன்றாம் தடவை வாங்கும்போதுதான் 21 ரூபாய் மிஞ்சும். ஆக, விளம்பரம் லாபமா நஷ்டமா என்பதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது சொல்லாது. எத்தனை பேர் மூன்றாம் முறை வாங்கினார்கள் என்பதுதான் சொல்லும்.

எங்கள் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர், சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து நன்றாக விவசாயம் செய்கிறார். நகைக்கடன் வாங்கி, ஆறு மாதத்துக்கு 40,000 ரூபாய் பேசி ஓர் ஏஜென்சியிடம் விட்டிருந்தார். மாதா மாதம் வண்ண வண்ணமாக அறிக்கை வரும். அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "சார், 2 லட்சம் இம்ப்ரெஷன் வந்திருக்கு" என்றார். "அது இருக்கட்டும் தம்பி, ரெண்டாவது தடவை வாங்கினவங்க எத்தனை பேரு?" என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. ஆர்டர் போட்டவர்களின் எண்கள் ஏஜென்சி திறந்த கணக்கில் இருந்தன. பக்கமும் அவர்கள் மின்னஞ்சலில்தான் தொடங்கப்பட்டிருந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் கணக்கும் போய்விட்டது, ஆட்களும் போய்விட்டார்கள். நகை மட்டும் வங்கியில் இருக்கிறது.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. யாரும் அவருக்கு இதைச் சொல்லித் தரவில்லை. யாரிடம் வேலையைக் கொடுத்தாலும் கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் திறக்கப்பட வேண்டும். கடவுச்சொல் உங்களிடம் இருக்க வேண்டும். அவர்களுக்கு நிர்வகிக்கும் அனுமதியை மட்டும் கொடுங்கள், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். பத்திரம் யார் பெயரில் என்று பார்க்காமல் நாம் நிலம் வாங்குவோமா?

குத்தகை நிலமும் பட்டா நிலமும்

முகநூல், இன்ஸ்டாகிராம், யூடியூப் எல்லாமே குத்தகை நிலம்தான். இன்றைக்குக் குத்தகையே வாங்காமல் விடுவார்கள். நாளைக்கு நிபந்தனை மாறும்.

ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. கூகுள் ப்ளஸ் 2019-ல் போனது. 2018 ஜனவரியில் முகநூல், நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கு முன்னுரிமை என்று அறிவித்தது. நிறுவனப் பக்கங்கள் காசு கட்டாமல் ஆட்களைச் சென்றடைவது அதற்குப் பிறகு இன்னும் சுருங்கியது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கை இந்திய அரசு தடை செய்தது. கிராமங்களில் இருந்து லட்சக்கணக்கில் ஆள் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு மறுநாள் ஒருவர் எண்ணும் கையில் இல்லை. தடை சரியா தப்பா என்பது வேறு பேச்சு. நான் சொல்வது, அந்தக் கூட்டம் என்றைக்கும் அவர்களுக்குச் சொந்தமாக இருந்ததில்லை என்பதை.

வங்கியில் 'கே.ஒய்.சி.' என்போம். உன் வாடிக்கையாளரைத் தெரிந்துகொள் என்று அர்த்தம். முகநூலில் விளம்பரம் செய்தால் நம் வாடிக்கையாளரை அவர்கள்தான் தெரிந்துவைத்திருக்கிறார்கள். அவரிடம் மறுபடி பேச நாம் மறுபடி காசு கட்ட வேண்டும்.

பட்டா நிலம் என்பது நம் நோட்டுப் புத்தகம். பெயர், ஊர், போன் எண், என்ன வாங்கினார், எப்போது வாங்கினார், வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எந்த அரிசி ஒத்துக்கொள்கிறது. 5 கிலோ வாங்கியவருக்கு எப்போது தீரும் என்று நமக்குத் தெரியும். தீர்வதற்கு நாலு நாள் முன்னால் ஒரு போன் போட்டால், அதைவிடப் பெரிய விளம்பரம் இல்லை.

இதற்கு வாட்ஸ்அப் பிசினஸ் உதவும். 2018-ல் வந்தது, இலவசம். பொருள் பட்டியலும் விலையும் போடலாம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நல்ல அளவுகோலாகப் படுகிறது. நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்தானே நம் வாடிக்கையாளர்! ஒன்று மட்டும், கேட்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். நாலு பேர் புகார் செய்தால் நம் எண்ணே முடங்கிப்போகலாம். வாட்ஸ்அப்பும் முகநூல் நிறுவனத்தின் குத்தகை நிலம்தான் என்பதால், எண்களைக் கட்டாயம் நோட்டிலும் எழுதி வையுங்கள்.

ரீல்ஸ் ஓடியது, அரிசி தீர்ந்தது

இதுவரை சொன்னது காசுக் கணக்கு. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

விளம்பரம் நன்றாக வேலை செய்தால் என்ன ஆகும்? ஒரு வீடியோ ஓடி, ஒரே வாரத்தில் 300 கிலோவுக்கு ஆர்டர் வருகிறது. குதிரில் இருப்பதோ 80 கிலோ. விளம்பரத்துக்குப் போட்ட காசு கண்ணில் நிற்கிறது. "தீர்ந்துவிட்டது, அடுத்த அறுவடை தை மாதம்" என்று சொல்லி அனுப்ப மனசு வருமா? அப்போதுதான் அந்த யோசனை வரும். டவுன் மண்டியில் இருந்து நாலு மூட்டை எடுத்து நம் பையில் போட்டால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது?

இயற்கை விவசாயம் சாகிற இடம் அதுதான், நண்பர்களே. பூச்சியால் சாகாது, விளைச்சல் குறைந்தும் சாகாது. விளம்பரம் விளைச்சலைத் தாண்டுகிற அன்றைக்குச் சாகும். ஒருவர் செய்தாலும் நம் எல்லோர் பையின் மேலும் சந்தேகம் விழும்.

இரண்டாவது, பொய். ஆயிரம் பேர் கத்துகிற இடத்தில் நம் குரல் கேட்க வேண்டும் என்றால் கூடக் கத்தத் தோன்றும். "இந்த அரிசி சாப்பிட்டால் சர்க்கரை நோய் ஓடிப்போகும்", "இந்த எண்ணெய் புற்றுநோயைத் தடுக்கும்" என்று எழுதுகிறார்கள். நம் ஆட்களும் எழுதுகிறார்கள். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் உணவு விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நீரிழிவு, புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்கும் என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954-லேயே ஒரு தனிச் சட்டம் தடை செய்துவிட்டது. சட்டத்தை விடுங்கள். நம் பேச்சை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு? தவிடு நீக்காத அரிசி, நார்ச்சத்து உண்டு, பசி தாங்கும் என்று சொல்லுங்கள். அது உண்மை, அது போதும்.

'ஆர்கானிக்' என்ற சொல்லும் அப்படித்தான். 2017-ல் வந்த விதிமுறைகளின்படி அந்தப் பெயரில் விற்க என்.பி.ஓ.பி. சான்றோ, பி.ஜி.எஸ். எனும் பங்கேற்புச் சான்றோ வேண்டும். நேரடியாகச் சாப்பிடுபவருக்கே விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் கடைக்கு அனுப்பினால் அந்த விலக்கு இல்லை. சான்று இல்லாமல் 'ஜைவிக் பாரத்' முத்திரையைப் படத்தில் போடவே கூடாது. போஸ்டர் செய்து தருகிற பையனுக்கு இதெல்லாம் தெரியாது. அழகாக இருக்கிறதே என்று ஒட்டிவிடுவான். நாம்தான் பார்க்க வேண்டும்.

"அப்ப புது ஆள் எப்படி சார் வருவாங்க?"

நியாயமான கேள்வி. நோட்டில் முதல் பெயரே இல்லாதவர் என்ன செய்வார்?

முதல் இருபது பேர் ஏற்கனவே நமக்குத் தெரிந்தவர்கள்தான். உடன் படித்தவர்கள், உடன் வேலை செய்தவர்கள், பிள்ளையின் பள்ளி ஆசிரியர், மருந்துக்கடைக்காரர், வெளியூர் போன சொந்தங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கிலோ கொடுங்கள், சமைக்கும் பக்குவத்தையும் எழுதிக் கொடுங்கள். பாரம்பரிய அரிசியை வாங்கியவர் மறுமுறை வராததற்குப் பல சமயம் காரணம், ஊறவைக்காமல் குக்கரில் போட்டு நாலு விசிலில் இறக்கியதுதான்.

நெல் ஜெயராமன் அவர்கள் திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். 2 கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. அழிந்துகொண்டிருந்த நெல் ரகங்கள் கைமாறி ஊர் ஊராகப் போனது அப்படித்தான். வாங்கியவரே அடுத்தவருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வழி அது. நம் வாடிக்கையாளர் ஒருவர் இன்னொருவரை அழைத்துவந்தால் இருவருக்கும் அரைக்கிலோ கூடுதலாக அளந்து போடுங்கள். 354 ரூபாயோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

காசு கட்டிய விளம்பரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாம்பழம் மாதிரி பத்து நாளில் விற்றாக வேண்டிய பொருள் கையில் நிற்கிறது. நோட்டில் உள்ளவர்கள் வாங்கியது போக மிஞ்சுகிறது. அப்போது நாம் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடிய ஊருக்கு மட்டும், இத்தனை நாள், இத்தனை ரூபாய் என்று வரம்பு கட்டிச் செய்யலாம். வந்தவர்களின் எண்களை நோட்டில் ஏற்றிவிட்டு நிறுத்திவிட வேண்டும். கடன் வாங்கி மட்டும் விளம்பரம் செய்யாதீர்கள். கடனுக்கு மாடு வாங்கினால் மாடாவது தொழுவத்தில் நிற்கும்.

இன்னொன்று. ரீல்ஸ் எடுப்பது, பதில் அனுப்புவது, பொட்டலம் கட்டுவது எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் செய்கிற வேலை. "சும்மா போன்லதானே" என்று அதற்குக் கணக்கே எழுதுவதில்லை. தினம் இரண்டு மணி நேரம் என்றால் மாதம் 60 மணி நேரம். களையெடுக்கக் கூலி கொடுக்கும்போது இதற்கும் கூலி எழுதுங்கள். அப்போதுதான் உண்மையான அடக்கம் தெரியும்.

கடைசியாக நம் இயக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒரே வட்டத்தில் இருக்கும் நாம் 15 பேர் தனித்தனியாக ஒரே சொல்லுக்கு விளம்பரம் செய்தால், ஏலத்தில் நமக்கு நாமே விலையை ஏற்றிக்கொள்கிறோம். அதற்குப் பதில் மாவட்டத்துக்கு ஒரு பொதுப் பக்கம் வைக்கலாம். யாரிடம் எந்த மாதம் என்ன இருக்கும், எவ்வளவு இருக்கும், எப்படி விளைந்தது என்று அதில் இருக்கட்டும். தீர்ந்தால் 'தீர்ந்தது' என்று போடட்டும். ஒருவரிடம் இல்லாததை அடுத்தவர் பெயர் சொல்லியே அனுப்பட்டும், தன் பையில் போட்டு அல்ல. நம் இளைஞர்களில் கணினி தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கூட்டு நிதியில் இருந்து கூலி கொடுத்து அவர்களிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைக்கலாம். அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பேச அரைமணி நேரம் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கு முன் ஒவ்வொருவரும் ஒரு நோட்டு வாங்கி, போன வருடம் உங்களிடம் இரண்டு தடவைக்கு மேல் வாங்கியவர்களின் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். எத்தனை பெயர் தேறுகிறது என்று பார்த்துவிட்டு விளம்பரத்தைப் பற்றிப் பேசுவோம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள், குறிப்பாக விளம்பரம் செய்து பலன் கண்டவர்கள், உங்கள் கணக்கோடு இதழுக்கு எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.